தீவில் வைத்த சாம்பார்

எங்கள் சபையிலிருந்து அந்தத் தீவுக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் அதைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டார்கள். ஆராதனையில் சொன்னார்கள், பெண்கள் ஐக்கியத்தில் சொன்னார்கள், போனில் படம் காட்டிக் காட்டிச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு வரிதான் சொன்னேன். அதற்கு மேல் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினவர். மிஷின் சத்தத்திலேயே இருந்தவர் என்பதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். சைக்கிளைத் தெருவில் நிறுத்தும்போதே, "மே, டீ போடு மே" என்று குரல் முன்னால் வந்துவிடும். பேர் சொல்லி என்னை அவர் கூப்பிட்டதே இல்லை. கல்யாணமான புதிதில் இருந்து நான் அவருக்கு மேதான். பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி வயலாக இருந்த காலத்தில் அந்தக் குரல் எவ்வளவு தூரம் போகும் தெரியுமா. இப்போது சுற்றிலும் மாடி வீடுகள்.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. கை கால் கொஞ்சம் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. டாக்டர் வரலாம் என்றார், வராமலும் போகலாம் என்றார். நான் அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது முதுகில் அவர் பார்வை படுவது தெரியும். கூப்பிட முடியாமல் பார்க்கிறார் என்று தெரிந்து திரும்புவேன். தண்ணீரா, பாத்ரூமா, விசிறியா என்று நான்தான் கேட்க வேண்டும். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டுவார். சில நேரம் ஒன்றும் வேண்டாமலேதான் கூப்பிட்டிருப்பார்.

இந்த நிலைமையில்தான் பாஸ்டரம்மா ஒரு நாள் வீட்டுக்கு வந்தார்கள்.

"சிஸ்டர், கிரேக்க தேசத்துக்கு டூர் போறோம்ல, நீங்களும் வாங்களேன்" என்றார்கள்.

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

"சிரிக்காதீங்க. நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம். சபையில சமைக்கிற மாதிரி ரெண்டு கை குடுத்தா போதும். அங்க ரொட்டியும் பச்சை இலையுந்தான். நம்ம ஜனங்களுக்கு ஒத்துக்காது."

எங்கள் பக்கத்து டூர்களில் கூடவே ஒரு சமையல்காரரைக் கூட்டிப்போவது வழக்கம். எந்தத் தேசத்துக்குப் போனாலும் மத்தியானம் சாம்பார், ராத்திரி ரசம் இருக்க வேண்டும். வேலப்பன்சாவடியில் டூர் ஆபீஸ் வைத்திருக்கிறவர்தான் ஏற்பாடு. அவர் வழக்கமாகக் கூட்டிப்போகும் சமையல்காரருக்கு விசா கிடைக்கவில்லையாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாஸ்டரம்மா அந்தத் தீவைப் பற்றிச் சொன்னார்கள். பழைய காலத்தில் ஒரு ராஜா ஒரு பரிசுத்தவானை நாடுகடத்தி அங்கே போட்டானாம். நடுக்கடலில் மலையாக எழும்பி நிற்கிற தீவு. மலையில் ஒரு குகை. அந்தக் குகையில்தான் அவருக்கு ஆண்டவருடைய சத்தம் கேட்டதாம். அவர் தலை சாய்த்த பாறை இன்னும் இருக்கிறதாம்.

சத்தம் கேட்ட இடம் என்றதும் நான் கட்டிலைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. வியாதிக்காரர் வர முடியாவிட்டால் அவருடைய கர்ச்சீப்பைக் கொண்டு போய் ஜெபத்தில் வைப்போம். பிறகு அதைக் கொண்டு வந்து அவர் மேல் போடுவோம். நல்லது நடந்ததும் உண்டு, நடக்காததும் உண்டு. அவருடைய கர்ச்சீப் நீலக் கட்டம் போட்டது. பட்டறைக்குப் போகும்போது கழுத்தில் சுற்றிக்கொள்வது. ஓரத்தில் மிஷின் எண்ணெய்க் கறை போகவே இல்லை. அதை நான் எடுத்து மடித்தபோது அவருக்குப் புரிந்துவிட்டது. இடது கையால் என் கையைத் தட்டினார்.

அந்தப் பாறையில் இந்தக் கர்ச்சீப்பை என் கையால் வைக்க வேண்டும். திரும்பி வந்து அவர் நெஞ்சில் போட வேண்டும். ஒரு 'மே' வந்தால் போதும். இதற்குத்தான் போனேன். நெமிலிச்சேரியில் இருந்து என் மகள் வந்து அவரைப் பார்த்துக்கொண்டாள்.

போன இடமெல்லாம் எனக்குத் தெரிந்தது ஓட்டல் அறையின் பிளக் பாயின்ட்டும் கரண்ட் குக்கரும்தான். எல்லாரும் பஸ்ஸில் இருந்து இறங்கிப் பார்க்கப் போவார்கள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அது எனக்குக் கஷ்டமாக இல்லை. தீவு ஒன்றுதான் என் கணக்கு. எங்கள் எதிர்வீட்டுக்காரியும் வந்திருந்தாள். என்னை அக்கா என்பாள். ஒரே அறையில்தான் படுத்தோம். கர்ச்சீப் விஷயம் அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன்.

தீவுக்குப் போக வேண்டிய அன்றைக்குப் பெரிய கப்பல்காரர்கள் ஸ்டிரைக். டூர்காரர் எங்கேயோ ஓடி, மரத்தால் செய்த ஒரு பாய்மரப் படகைப் பிடித்து வந்தார். இரண்டு கம்பம், சுருட்டி வைத்த பாய், வெயிலில் வெந்துபோன முகத்தோடு ஒரு கிழவர் கேப்டன். எல்லாருக்கும் பயம்.

"இதுலயா? நம்ம காசிமேட்டு லாஞ்சி மேல்!" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"விசுவாசம் வேணும் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே பாஸ்டரம்மா முதல் ஆளாக நடுவில் போய் உட்கார்ந்து கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

கரை மறைந்ததும் கேப்டன் மிஷினை நிறுத்தினார். கயிற்றை இழுத்ததும் பாய் படபடவென்று அடித்து, பிறகு விறைத்து நின்றது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட ஆரம்பித்தது. சத்தமே இல்லை, தண்ணீர் கிழிகிற ஓசை மட்டும். எனக்குப் பிடித்திருந்தது. மற்றவர்கள் பாட்டுப் பாடினார்கள். கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்று வாந்தி ஆரம்பித்தது.

டூர்காரர் என்னிடம் வந்தார். "சிஸ்டர், கீழ அடுப்பு கீது. இங்கியே சாம்பார் வெச்சிட்டீங்கன்னா, மலை எறங்கி வந்த உடனே சாப்ட்டுடலாம். அந்தத் தீவுல கடைலாம் ஒண்ணும் நம்பிப் போவ முடியாது."

"நான் மேல ஏறணும் தம்பி."

"ஏறலாம் ஏறலாம். சோறு ஆனதும் நானே எறங்கி வந்து உங்கள இட்டுகினு போறேன். போதுமா?"

கீழே இறங்கினால் ஒரு ஆள் நிற்கிற அளவுதான் இடம். அடுப்பை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். படகு சாய்ந்தால் நான் சாய்வேன், சுவர் சாயும், அடுப்பு மட்டும் நேராக நிற்கும். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பருப்பு கழுவினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பிரஷர் குக்கர் முதல் விசில் விட்டதும் கேப்டன் பதறி ஓடி வந்தார். படகில் ஏதோ வெடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். நான் குக்கரைக் காட்டினேன். மறுபடியும் விசில் வந்தது. அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மேலே வந்து எட்டிப் பார்த்தபோது தீவு வந்திருந்தது. கடலில் இருந்து நேரே எழுந்த பாறை மலை. மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, முட்செடிகள்தான். கரையை ஒட்டிக் கொஞ்சம் வெள்ளை வீடுகள். அங்கிருந்து கல் பாவிய ஒரு பாதை வளைந்து வளைந்து ஏறியது. பாதியில் ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது. அதுதான் குகை என்றார் டூர்காரர்.

படகைக் கட்டியதும் எல்லாருக்கும் தெம்பு வந்துவிட்டது. புடவையைச் சரிசெய்து, பவுடர் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அரிசி அப்போதுதான் கொதி வந்தது. எதிர்வீட்டுக்காரி கீழே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்தக் கர்ச்சீப்பக் குடு. நான் வெச்சிட்டு வரேன்."

"நான் அப்புறம் வரேன்மா. அவரு வந்து இட்டுனு போறேன்னாரு."

"அவுரு வருவாரோ மாட்டாரோ, யார் கண்டா? நீ வந்தீனா நல்லது. வரலைனா இன்னா பண்ணுவ? ஒரு சேப்டிக்கு எங்கைல குடு. அண்ணனுக்கோசரம் நானே ஜெபம் பண்ணி வெக்கிறேன்."

அவள் சொன்னது சரிதான் என்று பட்டது. ரவிக்கைக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகு கை வெறுமையாக இருந்தது. வண்ண வண்ணப் புடவைகள் பாதையில் ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சோறு வெந்தது. சாம்பார் இறக்கினேன். அப்பளம் பொரித்தேன். டூர்காரர் வரவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே புள்ளிகளாகத் தெரிந்தவர்கள் வெள்ளைச் சுவருக்குப் பின்னால் மறைந்தார்கள்.

சும்மா நிற்பதற்குத் தட்டு வைக்க இடம் பண்ணலாம் என்று பெஞ்சில் கிடந்த பைகளை நகர்த்தினேன். அதில் எதிர்வீட்டுக்காரியின் கைப்பையும் இருந்தது. மலை ஏறக் கனமென்று விட்டுப் போயிருக்கிறாள். போன் மட்டும் எடுத்துப் போயிருக்கிறாள். வெளிப்பக்க ஜிப் திறந்திருந்தது. உள்ளே நீலக் கட்டம்.

நான் மடித்த மடிப்பிலேயே இருந்தது.

எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. கேப்டன் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தவர் என்னையே பார்த்தார். நான் மலையைப் பார்த்ததையும் பார்த்தார். கையை மலைப் பக்கம் நீட்டி, போ, போ என்று காட்டினார். சட்டியைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. மொழி தெரியாத அந்த மனுஷனுக்குப் புரிந்தது.

பலகை வழியாக இறங்கினேன். பூந்தமல்லியில் வாங்கிய கேன்வாஸ் ஷூ காலுக்குப் பெரிதாக இருந்தது. வெள்ளை வீடுகளைத் தாண்டினேன். ஒரு வீட்டு வாசலில் கறுப்பு உடை போட்ட ஒரு அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். பாதை ஏறத் தொடங்கியது. கல் வழுக்கியது, மூச்சு வாங்கியது. ஆடுகளின் மணிச் சத்தம் எங்கிருந்தோ வந்தது. நின்று நின்று ஏறினேன். கடல் கீழே போனது. வெள்ளைச் சுவரில் இருந்த சின்ன ஜன்னல்கூடத் தெரிந்தது. இன்னும் இரண்டு வளைவு இருந்திருக்கும்.

மேலிருந்து டூர்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேகமாக இறங்கி வந்தார்.

"இன்னா சிஸ்டர்! சாப்பாட்ட உட்டுட்டு எங்க கெளம்பிட்டீங்க?"

"குகைக்கு..."

"அட நீங்க வேற. எல்லாரும் முட்ச்சிட்டு எறங்கிகினு கீறாங்க. பாதிப் பேரு சுகர்காரங்க, பசியில மயக்கம் வருதுன்றாங்க. இப்ப நீங்க மேல போனா யாரு போட்டுக் குடுக்கறது? அந்தக் கெழவனா?"

என் கைக்குள் கர்ச்சீப் இருந்தது. விரித்துக் காட்டியிருக்கலாம். என் வீட்டுக்காரருக்காகத்தான் வந்தேன், ரெண்டு நிமிஷம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் என் மகன் வயசுக்காரர். அவருக்குப் பின்னால் பாஸ்டரம்மாவும் மற்றவர்களும் பேசிக்கொண்டே வளைவில் வந்துவிட்டார்கள். இத்தனை பேர் முன்னால் கையை விரிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"சரிங்க தம்பி" என்றேன்.

எல்லாருக்கும் முன்னால் நான் இறங்கினேன். சோறு ஆறிவிடக் கூடாதே.

சாம்பாரை எல்லாரும் புகழ்ந்தார்கள். "தீவுல சாம்பார் சாப்ட்ட மொத ஆளுங்க நாமதான்" என்று டூர்காரர் சொல்ல, ஒரே சிரிப்பு. கேப்டனுக்கும் ஒரு தட்டு கொடுத்தேன். அவர் தட்டை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். போன வேகத்தில் நான் திரும்பி வந்ததை அவர் கவனித்திருப்பார். மலையைக் காட்டிப் புருவத்தைத் தூக்கினார். நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

பாஸ்டரம்மாவிடம் மோர் ஊற்றும்போது ஒரு தடவை கேட்டேன். "நான் ஒருக்கா மேல போயிட்டு..."

"நேரம் இல்லியே சிஸ்டர். காத்து மாறுமாம். இந்த மண்ணை மிதிச்சீங்கல்ல, அதுவே ஆசீர்வாதம். உங்க ஊழியமும் பெரிய ஊழியம்."

அந்த ஊழியத்துக்கு இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினேன்.

எதிர்வீட்டுக்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நானாகக் கேட்கவில்லை. அவளாகவே ஆரம்பித்தாள்.

"வெச்சிட்டேங்கா. அந்தப் பாறை மேலயே வெச்சேன். கண்ணுல தண்ணியா கொட்டுது எனக்கு."

"அப்டியா" என்றேன். கர்ச்சீப் என் ரவிக்கைக்குள் உறுத்தியது.

படகு கிளம்பிய பிறகு அவள் கைப்பையைத் திறந்தாள். துழாவினாள். பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், உடனே கடலைப் பார்த்தாள். ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம். விளக்கை அணைத்த பிறகுதான் இருட்டில் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அத்தக் குகையிலியே உட்டுட்டு வந்துட்டேன் போல கீது. ஒரு வகைல பாத்தா அதான் நல்லது. எப்பவும் அங்கியே இருக்கும் பாரு. அண்ணன் பேசத்தான் போறாரு, நீ வேணா பாரேன்."

நான் தூங்கிவிட்டது போல மூச்சு விட்டேன். உன் பையில்தான் இருந்தது என்று சொன்னால் மறுநாள் எப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது? எதிரும் புதிருமாக வீடு. காலையில் கோலம் போடும்போது முதலில் தெரிவது அவள் முகம்தான். இதையெல்லாம் நான் யோசித்தேன். அவள் யோசிக்கவில்லை.

பாரிவாக்கத்துக்கு வந்து சேர்ந்ததும் எனக்குக் குளிக்கக்கூட நேரம் கொடுக்காமல் மகள் கேட்டாள். "இன்னாம்மா, நைனா கர்ச்சீப்ப குகையிலியே வெச்சிட்டு வந்துட்டீங்களாமே?"

"யார் சொன்னது?"

"எதிர்வூட்டு அத்தை காலைலியே போன் பண்ணி நைனா காதுல வெக்கச் சொல்லிச்சி. கேட்டதுலேர்ந்து நைனாவப் பாரேன்."

நான் கட்டிலைப் பார்த்தேன். அவர் முகம் முழுக்க வேறு மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். உதடு கோணிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைத்து, தாடை நடுங்கி, காற்றுதான் வந்தது. மறுபடியும் திறந்தார். இத்தனை நாள் அவர் அப்படி முயன்றதே இல்லை. டாக்டர் சொன்ன பயிற்சிக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர். மகள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். கர்ச்சீப்பைப் பெட்டியின் அடியில் வைத்தேன். தினமும் விடிந்ததும் அவர் வாயைத் திறந்து முயன்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லுங்க, சொல்லுங்க என்றேன்.

பிறகு சாட்சி ஞாயிறு வந்தது. போய் வந்தவர்கள் ஒவ்வொருவராக மேடையில் ஏறிச் சொல்ல, சால்வை போடுவார்கள். அவரையும் கூட்டி வர வேண்டும் என்று பாஸ்டரம்மா ஆட்டோ அனுப்பினார்கள். சக்கர நாற்காலியில் முன்வரிசை ஓரத்தில் வைத்தோம். கிளம்புகிற அவசரத்தில் வாய் துடைக்கத் துண்டு எடுக்க மறந்துவிட்டேன். தீவுக்குக் கொண்டு போன பைதான் கையில் இருந்தது. முந்தின நாள்தான் பெட்டியைக் காலி செய்து எல்லாவற்றையும் அதில் போட்டிருந்தேன்.

எதிர்வீட்டுக்காரி மேடையில் ஏறினாள். மைக்கைப் பிடித்ததும் அவளுக்குக் குரல் தழுதழுத்தது.

"நம்ம அண்ணனோட கர்ச்சீப்ப இந்தக் கையாலதான் அந்தப் பாறை மேல வெச்சேன். வெச்ச உடனே எனுக்கு உடம்பெல்லாம் அனலா கொதிச்சிச்சி. இன்னிக்கும் அது அந்தக் குகையிலதான் கீது."

சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. கை தட்டினார்கள். அவர் கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. வாயைத் திறந்து முயன்றார், எல்லாரும் திரும்பி அவர் வாயையே பார்த்தார்கள். எச்சில்தான் வழிந்தது.

"நம்ம சமையல் சிஸ்டரும் ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று பாஸ்டரம்மா மைக்கை என்னிடம் கொண்டு வந்தார்கள். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். "கூச்சப்படாதீங்க. தீவுல நீங்க என்ன கண்டீங்க, சொல்லுங்க."

சமையல் சிஸ்டர். நாற்பது வருஷமாக அந்தச் சபைக்குப் போகிறேன்.

"நான் தீவுல சாம்பார் வெச்சேன்" என்றேன். "மலை ஏற விடல."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். அவர் தாடையில் எச்சில் இறங்கிச் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைக்குள் கையை விட்டேன். கைக்கு வந்ததை எடுத்தேன். என்ன வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப்பை உதறி விரித்து அவர் வாயைத் துடைத்தேன்.

எதிர்வீட்டுக்காரி மேடைப் படியில் நின்றுவிட்டாள். பாஸ்டரம்மா சட்டென்று பாட்டைத் தொடங்கினார்கள். அவளுக்குத் தெரியட்டும் என்றுதான் நான் எடுத்தேன். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இடது கையால் அந்தக் கர்ச்சீப்பைப் பிடித்தபோதுதான் கீழே பார்த்தேன். எண்ணெய்க் கறை இருந்த ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமா, கேள்வியா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் கண் பேசுவது எனக்குப் புரியாமல் போனது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். படகு, ஊஞ்சல் அடுப்பு, அந்த இரண்டு வளைவு எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் முயலவில்லை. கஞ்சிக்கு மட்டும் வாயைத் திறந்தார்.